பசவனகுடியில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு: காரா பன்னில் தொடங்கும் ஒரு சாப்பாட்டு வழிகாட்டி

திருச்சியிலிருந்து வேலைக்காகப் பெங்களூர் வந்து பசவனகுடியில் வீடு பிடித்த புதிதில், மூன்று மாதம் போனில் சொல்லி வரவழைத்துத்தான் சாப்பிட்டேன். தெருமுனையில் ஓர் ஐயங்கார் பேக்கரி இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போவேன், உள்ளே போனதில்லை. ஒரு நாள் மாலை மழைக்கு அதன் வாசலில் ஒதுங்கினேன். உள்ளே அடுப்பிலிருந்து ஒரு தட்டு நிறையக் காரா பன் வெளியே வந்தது. வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி மூன்றும் மாவோடு சேர்ந்து வெந்த வாசனை. ஒன்று வாங்கித் தின்றேன், அப்புறம் இன்னொன்று. மறுநாள் வேலை முடிந்து எட்டு மணிக்குப் போய்க் கேட்டால் தீர்ந்துவிட்டது என்றார் கடைக்காரர். “அஞ்சு மணிக்கு வாங்க, சூடா இருக்கும்” என்று தமிழிலேயே சொன்னார்.

இந்தப் பேட்டையில் சாப்பிடப் பழகுவது என்றால் முதலில் வேளை பழகுவதுதான். நல்ல கடைகள் நிறைய இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி உண்டு, ஒரு விடுமுறைக் கிழமை உண்டு, சில பண்டங்களுக்கு ஒரு மாதமே உண்டு. தவறிய நேரத்தில் போனால் நல்ல கடையிலும் ஆறிப்போனதுதான் கிடைக்கும். “பெங்களூர் சாப்பாடு நமக்கு ஒத்துவராது” என்று முடிவு கட்டிவிட்ட நண்பர்கள் பலர் இப்படி நேரம் தவறிப் போனவர்கள்தான். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு முறை நடந்து பாருங்கள்

பசவனகுடி திட்டமிட்டுக் கட்டிய பேட்டை. 1898-ல் பெங்களூரில் பிளேக் பரவியபோது, நெரிசலான பழைய பேட்டைகளிலிருந்து மக்களை வெளியே கொண்டுவர வடக்கே மல்லேஸ்வரத்தையும் தெற்கே பசவனகுடியையும் உருவாக்கினார்கள். அதனால் தெருக்கள் நேராக இருக்கும், மர நிழல் இருக்கும், நடக்க முடியும். பச்சை வழித்தட மெட்ரோவில் நேஷனல் காலேஜ் நிலையத்தில் இறங்கினால் ஒரு பக்கம் வி.வி.புரம், இன்னொரு பக்கம் காந்தி பஜார். சங்கரபுரமும் புல் டெம்பிள் ரோடும் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். வண்டியை எடுக்காதீர்கள். காந்தி பஜாரில் வண்டி நிறுத்த இடம் தேடுவதற்குள் பசி போய்விடும்.

வந்த முதல் வாரத்தில் காலை ஏழு மணிக்கு ஒரு முறை, மாலை ஐந்து மணிக்கு ஒரு முறை இந்த வட்டத்தைச் சுற்றி வாருங்கள். எதையும் சாப்பிட வேண்டும் என்றில்லை. எந்தக் கடை வாசலில் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் நிற்கிறார்கள், எங்கே கூட்டம் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறது, எந்த பேக்கரியில் தட்டு வந்து தட்டு காலியாகிறது என்று பாருங்கள். விடுமுறைக் கிழமைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். காந்தி பஜார் வித்யார்த்தி பவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. லால்பாக் ரோடு எம்.டி.ஆருக்குத் திங்கள். சங்கரபுரம் பிராமின்ஸ் காபி பாருக்கு ஞாயிறு. ஊரிலிருந்து அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு போய்ப் பூட்டிய கதவின் முன்னால் நிற்கும் வருத்தம் யாருக்கும் வேண்டாம். கிளம்பும் முன் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

பேக்கரி: இங்கே அவசரம் கூடாது

ஐயங்கார் பேக்கரி என்ற பெயரை நம் ஊரிலும் பார்த்திருப்பீர்கள். அதன் வேர் கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெங்களூர் வந்த ஐயங்கார் குடும்பங்கள் ரொட்டி சுடும் தொழிலில் இறங்கின. சிக்கபேட்டையில் 1898-ல் திருமலாச்சார் என்பவர் தொடங்கிய கடைதான் இவற்றில் முதலாவது என்பார்கள். ஒரு கடையில் வேலை கற்றவர் சொந்தக்காரரை அழைத்துவர, அவர் தனியாக இன்னொரு கடை போட, இப்படியே நகரமெல்லாம் பரவியது. முட்டை சேர்க்காமல் கேக்கும் பன்னும் செய்வது இவர்கள் கைத்திறன். ரொட்டி என்றாலே விலகி நின்ற வீடுகளுக்குள் அதைக் கொண்டுபோனவர்கள் இவர்கள்தான். ஐயங்கார் என்று பலகை மாட்டிய எல்லாக் கடையும் அந்தக் குடும்பங்களுடையது அல்ல. முட்டை சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

வி.வி.புரத்தில் தின்பண்டத் தெரு தொடங்கும் இடத்தில் இருக்கும் வி.பி. பேக்கரி 1953-லிருந்து நடக்கிறது. முதல் தடவை அங்கே போகலாம். இல்லையென்றால் உங்கள் தெருமுனைக் கடைக்கே போங்கள், அதுவும் குறைந்ததல்ல. என்ன வாங்குவது என்று சொல்கிறேன்.

முதல் நாள் காரா பன். காரா என்றால் கன்னடத்தில் காரம். இதைச் சும்மா தின்னாதீர்கள். நடுவில் கீறி வெண்ணெய் தடவித் தரச் சொல்லுங்கள். சூடான பன்னில் வெண்ணெய் உருகி மிளகாயின் காரத்தை அடக்கும். பல கடைகளில் அதே வெண்ணெயின் மேல் காங்கிரஸ் கடலையும் தூவித் தருவார்கள். இரண்டாகப் பிளந்த வேர்க்கடலையில் மிளகாய்த் தூள், மஞ்சள், பெருங்காயம், கறிவேப்பிலை போட்டுப் புரட்டியதுதான் காங்கிரஸ் கடலை. 1969-ல் காங்கிரஸ் கட்சி இரண்டாகப் பிளந்தது, கடலையும் இரண்டாகப் பிளந்திருக்கிறது, அதனால் அந்தப் பெயர் என்று இங்கே சொல்வார்கள். கால் கிலோ வாங்கி வீட்டில் வையுங்கள். அளவு கேட்கவும் சிரமமில்லை, கன்னடத்தில் அது “காலு கேஜி”.

இரண்டாம் நாள் ஆலு பன், இல்லாவிட்டால் பல்யா பன். உள்ளே மசாலா தோசைக்கு வைப்பது மாதிரி உருளைக்கிழங்கு. மழை பெய்தால் மசாலா டோஸ்ட் கேளுங்கள். துருவிய கேரட், வெங்காயம், மிளகாய் எல்லாம் வதக்கி, கல்லில் வாட்டிய ரொட்டியின் மேல் குவித்துத் தருவார்கள். இதைப் பார்சல் வாங்கினால் ரொட்டி நமத்துப்போகும். நின்று தின்ன நேரமில்லாத நாளில் வேறு ஏதாவது வாங்குங்கள்.

இனிப்பில் இரண்டு. தில்பசந்த் என்பது பெரிய வட்டமாகச் சுட்ட பண்டம். இரண்டு மாவு அடுக்குக்கு நடுவே தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் டூட்டி ஃப்ரூட்டியும் இருக்கும், நான்காக வெட்டி ஒரு கால் துண்டு தருவார்கள். ஹனி கேக் என்பது சர்க்கரைப் பாகும் தேனும் ஊறிய மெத்தென்ற கேக், மேலே ஜாம் தடவித் தேங்காய்ப் பூ தூவியது. இதை ஓரத்தில் எடுக்காமல் நடுத் துண்டாகக் கேட்டு வாங்குங்கள். ஓரம் சீக்கிரம் காய்ந்துவிடும், நடுவில்தான் பாகு தங்கியிருக்கும்.

நேரத்துக்கு வருகிறேன். ரொட்டி காலையில் வாங்குவது நல்லது. பன், பஃப் எல்லாம் மாலை நான்கிலிருந்து ஆறுக்குள். ஆனால் கடைக்குக் கடை மாறும் என்பதால் முதல் நாளே கேட்டுவிடுங்கள்: “பன் எஷ்டு கண்டெகெ பருத்தெ?” பன் எத்தனை மணிக்கு வரும் என்று பொருள். இந்தக் கேள்வியைக் கேட்கிறவரைக் கடைக்காரர் மறக்க மாட்டார். தட்டில் இருப்பது எப்போது வந்தது என்று தெரியவில்லை என்றால் “பிஸி இதெயா?” என்று கேளுங்கள், சூடாக இருக்கிறதா என்று அர்த்தம். இல்லை என்று உண்மையைச் சொல்லும் கடையை விட்டுவிடாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. கிரீம் வைத்த கேக்கை இரவு கடை சாத்தும் நேரத்தில் வாங்காதீர்கள். எனக்கு ஒரு கடையில் அப்படி வாங்கித் தின்று இரண்டு நாள் வயிறு சரியில்லாமல் போனது. கோடைக்காலத்தில் பகலெல்லாம் கண்ணாடிப் பெட்டியில் இருந்த கிரீம் அது. பன், பிஸ்கட், ரஸ்க் இவற்றில் அந்தப் பயம் இல்லை.

பெயர்ப் பலகையை வாசிக்கப் பழகுங்கள்

பெங்களூரில் காலை உணவுக்குப் பெயர் திண்டி. கடைகளில் பாதி தர்ஷினி. 1983-ல் ஜெயநகரில் கஃபே தர்ஷினி திறந்தபோது வந்த முறை இது. நீங்களே காசு கட்டிச் சீட்டு வாங்கி, அதை அடுக்களைப் பக்கத்து மேடையில் கொடுத்து, தட்டை எடுத்துக்கொண்டு, உயரமான மேசையில் நின்று சாப்பிட்டு, தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். பரிமாறுவார்கள் என்று காத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள். கூட்ட நேரத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் உங்கள் மேசையில் தட்டை வைப்பார்கள். அது இங்கே வழக்கம், கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள்.

பலகையில் “பாத்” என்று முடியும் பெயர்கள்தான் புதியவர்களைக் குழப்பும். காரா பாத் என்றால் காய்கறியும் மசாலாவும் போட்ட ரவை உப்புமா. கேசரி பாத் நம் ரவா கேசரி. இரண்டையும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் சௌசௌ பாத். அதில் சௌசௌ காய் கிடையாது. நாம் பெங்களூர் கத்திரிக்காய் என்று சொல்லும் அந்தக் காய்க்கு பெங்களூரில் சீமெ பதனெகாயி, அதாவது சீமைக் கத்திரிக்காய் என்று பெயர். வாங்கி பாத் கத்திரிக்காய் சாதம். பிசிபேளெ பாத் உங்களுக்கே தெரியும், ஆனால் இங்கே அது குழைவாக, நெய்யோடு, மேலே காராபூந்தியோடு வரும். சித்ரான்ன எலுமிச்சை சாதம், புளியோகரெ புளியோதரை, மொசரன்ன தயிர் சாதம். சாரு என்றால் ரசம், ஹுளி என்றால் சாம்பார், பல்யா என்றால் பொரியல்.

சாம்பாரில் வெல்லம் இருக்கிறது என்ற குறையை எல்லோரும் சொல்கிறோம். நானும் சொன்னவன்தான். இங்கே பெரும்பாலான திண்டிக் கடைகள் உடுப்பிப் பக்கத்துச் சமையலிலிருந்து வந்தவை, அங்கே கொஞ்சம் வெல்லம் சேர்ப்பது பழக்கம். இட்லியைச் சாம்பாரில் முக்கித்தான் தின்ன வேண்டும் என்ற எண்ணத்தை மட்டும் ஊரில் விட்டுவிட்டு வாருங்கள். இங்கே இட்லிக்குத் துணை சட்னி. தேங்காயும் பொட்டுக்கடலையும் பச்சை மிளகாயும் அரைத்த அந்தத் தளர்ந்த சட்னியில் இட்லியை மிதக்கவிட்டுச் சாப்பிட்டுப் பாருங்கள், ஒரு வாரத்தில் சாம்பாரைத் தேட மாட்டீர்கள். ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவது மாதிரி தோசையின் உள்பக்கம் பூசும் சிவப்புச் சட்னியும் அப்படித்தான், பழகினால் விட முடியாது.

தட்டெ இட்லி தட்டு அகலத்துக்கு இருக்கும். மைசூர் ரோட்டில் உள்ள பிடதிதான் அதற்குப் பேர்போன ஊர். மத்தூர் வடை நம் வடை மாதிரி உப்பியிருக்காது. ரவையும் மாவும் வெங்காயமும் பிசைந்து தட்டி மொறுமொறுவென்று பொரித்தது, மத்தூர் ரயில் நிலையத்தில் பிறந்தது. அக்கி ரொட்டி அரிசி மாவில் வெங்காயம், மிளகாய் சேர்த்துக் கல்லில் கையால் தட்டியது. மழைக்கால மாலையில் போண்டா சூப் என்று எழுதியிருந்தால் தயங்காமல் வாங்குங்கள். உளுந்து போண்டாவைப் பருப்பு நீரில் மிதக்கவிட்டுத் தருவார்கள்.

மூன்று பழைய கடைகள், மூன்று வாரம்

ஒரே சனிக்கிழமையில் மூன்றையும் முடித்துவிட வேண்டும் என்று பட்டியல் போட்டு ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். வேண்டாம். மூன்றாவது கடையில் வயிற்றில் இடமிருக்காது, நாக்கில் ருசியும் இருக்காது. வாரம் ஒன்று போதும்.

பிராமின்ஸ் காபி பாரில் ஆரம்பியுங்கள். 1965-ல் தொடங்கிய சின்னக் கடை. இட்லி, வடை, காரா பாத், கேசரி பாத், காபி, டீ. ஏறக்குறைய இவ்வளவுதான். சாம்பார் கிடையாது. சட்னி கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். உட்கார இடமில்லை, நடைபாதையில் நின்றுதான் சாப்பிட வேண்டும். ஒரு வார நாள் காலை ஏழு மணிக்குப் போனால், நடைப்பயிற்சி முடித்து வந்த பெரியவர்களுக்கு நடுவே நிற்பீர்கள். கடைசியில் ஒரு காபி. இருவராகப் போனால் “பை டூ” என்று சொல்லுங்கள், ஒரு காபியை இரண்டு டம்ளரில் பங்கிட்டுத் தருவார்கள். இந்த ஊரில் யாரும் அதைக் கஞ்சத்தனமாகப் பார்ப்பதில்லை. அரைக் காபி குடித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு அரைக் காபி குடிப்பது இங்குள்ளவர்களின் அன்றாடம்.

அடுத்த வாரம் வித்யார்த்தி பவன். பெயரே சொல்வது போல 1943-ல் மாணவர்களை நம்பித் தொடங்கிய கடை. இங்கே மசாலா தோசைதான். நம் ஊர் நெய் ரோஸ்ட் போலக் காகிதமாக இருக்காது. சின்னதாக, தடியாக, வெளியே சிவந்து மொறுமொறுப்பாக, உள்ளே மெத்தென்று இருக்கும், நெய்யும் தாராளம். இங்கேயும் சாம்பார் இல்லை, வாளியில் கொண்டுவந்து சட்னி ஊற்றுவார்கள். பரிமாறுகிறவர் ஒரே கையில் தோசைத் தட்டுகளை மேலே மேலே அடுக்கித் தூக்கிவரும் காட்சிக்காகவே ஒருமுறை போகலாம். சுவரில் கன்னட எழுத்தாளர்களின் ஓவியங்கள். சனி, ஞாயிறு காலை போனால் பெயரைக் கொடுத்துவிட்டு வெளியே வெகுநேரம் நிற்க வேண்டும். நடுப்பகலில் இடைவேளை விட்டுப் பிற்பகலில் திறப்பார்கள். வார நாளில் அந்தப் பிற்பகல் நேரம்தான் நல்லது.

மூன்றாவது எம்.டி.ஆர். உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்த மையா சகோதரர்கள் 1924-ல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அரிசி கிடைக்காமல் போனபோது ரவையில் இட்லி ஊற்றிப் பார்த்தார்கள், ரவா இட்லி அப்படித்தான் பிறந்தது என்பது இந்தக் கடையின் கதை. அதைச் சின்னக் கிண்ணத்தில் வரும் நெய்யை ஊற்றி, உருளைக்கிழங்கு சாகுவோடு (நம் குருமா மாதிரி) சாப்பிட வேண்டும். லால்பாக்கில் அதிகாலை ஒரு சுற்று நடந்துவிட்டு இங்கே வருவது பலருக்குப் பல தலைமுறைப் பழக்கம். சுதந்திர தினத்தையும் குடியரசு தினத்தையும் ஒட்டி லால்பாக்கில் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள், அல்லது கதவு திறக்கும் நேரத்துக்கே வந்துவிடுங்கள்.

பத்துச் சொற்கள் கன்னடம்

இந்தப் பேட்டையில் தமிழ் தெரிந்த கடைக்காரர்கள் நிறையப் பேர். ஹாசன் பக்கத்து ஹெப்பார் ஐயங்கார்கள் வீட்டில் பேசுவதே கன்னடம் கலந்த ஒரு தமிழ். அதற்கு ஹெப்பார் தமிழ் என்றே பெயர். எனக்கு அன்று தமிழில் பதில் கிடைத்தது அதனால்தான். கன்னடத்தின் பெரிய எழுத்தாளர், ஞானபீடப் பரிசு பெற்ற மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் தாய்மொழியும் தமிழ்தான். இதே பேட்டையில் வாழ்ந்து கன்னடத்திலேயே எழுதினார். ஆனாலும் முதல் வார்த்தையைக் கன்னடத்தில் தொடங்குங்கள். அது மரியாதை. எதிரே நிற்பவர் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

“கொடி” என்றால் கொடுங்கள். “பேக்கு” வேண்டும், “பேட” வேண்டாம். “சாக்கு” என்றால் போதும். சட்னி ஊற்றும்போது இதைச் சொல்லாவிட்டால் நிறுத்த மாட்டார்கள். “ஸ்வல்ப” கொஞ்சம். “சக்கரெ கம்மி” சர்க்கரை குறைவாக. காபி சொல்லும்போதே இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், கலந்த பிறகு சொல்லிப் பயனில்லை. “எஷ்டு” எவ்வளவு. பெரியவர்களிடம் “அண்ணா”, “அம்மா”, “சார்” எதுவும் சரி. பக்கத்து வீட்டு அம்மா உங்களைப் பார்த்து “திண்டி ஆய்த்தா?” என்பார். நம் “சாப்டாச்சா?” மாதிரிதான். “ஆய்த்து, நிம்தூ?” என்று திருப்பிக் கேளுங்கள், உங்களுடையது ஆயிற்றா என்று.

சாயங்காலம் திண்டி பீதி

வி.வி.புரத்தில் சஜ்ஜன் ராவ் சர்க்கிள் பக்கத்தில் ஒரே தெரு முழுக்கத் தின்பண்டக் கடைகள். இதுதான் திண்டி பீதி, கன்னடத்தில் பீதி என்றால் தெரு. மாலை ஆறுக்கு மேல்தான் சூடு பிடிக்கும். மூன்று நான்கு பேராகப் போய் ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு வாங்கிப் பங்கிட்டுக்கொள்வதே சரியான முறை. முதலில் தெருவின் அந்தக் கோடி வரை ஒன்றும் வாங்காமல் நடந்துவிட்டு, திரும்பும்போது வாங்குங்கள். கண்ணெதிரே கல்லில் போட்டு எடுக்கும் ஹோளிகெ (நம் போளி), குழிப்பணியாரத்துக்கு அண்ணனான பட்டு, அக்கி ரொட்டி, வெண்ணெய் தோசை, பஜ்ஜி, ஜிலேபி. குல்கந்தோடு ஐஸ்கிரீம் சேர்த்துக் கடைசியில். சூடாக இறங்குவதை வாங்குங்கள், திறந்து வைத்த தண்ணீரையும் வெட்டி வைத்த பழத்தையும் தவிருங்கள். சனி, ஞாயிறு கூட்டத்தில் குழந்தைகளை அழைத்துப் போவது கடினம், செவ்வாய், புதனில் அதே ருசி நிதானமாகக் கிடைக்கும்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் மிலிட்டரி ஹோட்டல் என்ற பலகையைத் தேடுங்கள். ஜெயநகர்ப் பக்கம் சிவாஜி மிலிட்டரி ஹோட்டல் பேர்பெற்றது. தொன்னையில் தரும் பிரியாணிக்கு இங்கே தொன்னெ பிரியாணி என்றே பெயர், பாஸ்மதி இல்லாமல் சீரகச் சம்பா போன்ற பொடி அரிசியில், பச்சை மசாலாவில் செய்தது. திண்டுக்கல், ஆம்பூர் பிரியாணிக்குப் பழகிய நாக்குக்கு இது அந்நியமாக இருக்காது. பகல் ஒரு மணிக்குள் போய்விடுங்கள், பிறகு கறி வகைகள் ஒவ்வொன்றாகத் தீர்ந்துகொண்டே வரும்.

மாதம் பார்த்துத் தின்ன வேண்டியவை

கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமையில் புல் டெம்பிள் ரோடு முழுக்க வேர்க்கடலை குவியும். கடலெகாய் பரிஷெ, அதாவது கடலைக்காய்த் திருவிழா என்று பெயர். ஒரு காலத்தில் இங்கே சுங்கேனஹள்ளி என்ற கிராமம் இருந்ததாம். விளைந்த கடலையை ஒரு காளை வந்து மேய்ந்துவிட்டுப் போனது, அது பசவண்ணனே, அதாவது நந்தியே என்று நம்பிய விவசாயிகள் அன்றிலிருந்து முதல் விளைச்சலை அங்கே படைக்கத் தொடங்கினார்கள் என்பது கதை. வறுத்தது, அவித்தது, பச்சை என்று எல்லாம் கிடைக்கும். தமிழ்நாட்டிலிருந்தும் விவசாயிகள் மூட்டையோடு வருகிறார்கள். ஊர்ப் பேச்சு காதில் விழும்போது மனசுக்கு ஒரு நிறைவு. அளக்கும் படியைப் பார்த்து விலை கேளுங்கள், காலையில் தரமானது கிடைக்கும், இரவு விலை இறங்கும்.

அது முடிந்த கையோடு அவரெகாய். நாம் மொச்சை என்று சொல்லுவதுதான். டிசம்பர், ஜனவரியில் இந்த ஊர் வேறொன்றும் தின்னாது. தோல் பிதுக்கிய பருப்பு, கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்களுக்குப் பிதுக்கம்பருப்பு என்றால் புரியும், உப்புமாவில், அக்கி ரொட்டியில், சாருவில், மிக்சரில் எங்கும் இருக்கும். வி.வி.புரம் பக்கம் அவரெபேளெ மேளாவும் நடக்கும். பனி விழுந்த காயில் எண்ணெய் மாதிரி ஒரு மணம் ஏறும், அதைச் சொகடு என்கிறார்கள். காயைக் கையில் தேய்த்து முகர்ந்து பார்த்து வாங்குங்கள். மாகடிப் பக்கத்துக் காய் என்றால் இன்னும் நல்லது.

சங்கராந்திக்கு எள், வெல்லம், கொப்பரை, கடலை கலந்த எள்ளு பெல்லா பொட்டலம் பக்கத்து வீட்டிலிருந்து வரும். “எள்ளு பெல்லா தின்னு நல்லதைப் பேசு” என்று சொல்லித் தருவார்கள். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். காந்தி பஜாரில் அந்த வாரம் கலந்த பொட்டலமாகவே விற்கும், நீங்களும் நாலு வீட்டுக்கு வாங்கி வையுங்கள், கரும்புத் துண்டோடு. ராமநவமி அன்று தெருத் தெருவாகப் பந்தல் போட்டு பானகமும் மோரும் கோசம்பரியும் (நம் கோசுமல்லி) கொடுப்பார்கள். வெயிலில் போகிற யாரையும் நிறுத்திக் கொடுப்பார்கள். வாங்கிக் குடியுங்கள்.

ஊருக்குக் கொண்டுபோக

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகும்போது என்ன வாங்குவது என்று கேட்கிறார்கள். இரவுப் பேருந்துக்குத் தாங்குபவை: காங்கிரஸ் கடலை, வெண்ணெய் பிஸ்கட், காரா பிஸ்கட், ரஸ்க், நம் தட்டைக்கு உறவான நிப்பட்டு, வளையமாகச் சுற்றிய கோடுபளெ. காபிப் பொடியை காந்தி பஜாரில் கண்ணெதிரே அரைத்துத் தரச் சொல்லுங்கள். சிக்கரி எவ்வளவு என்று நீங்களே சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அவர்கள் வழக்கமான அளவில் கலந்துவிடுவார்கள். வீட்டில் பீபெரி குடித்துப் பழகியவர்கள் இருந்தால் அதில் தனியாகக் கால் கிலோ.

ஹனி கேக் தாங்காது, பாகு ஒழுகும். காரா பன் மறுநாள் காலைக்குள் தின்றுவிட வேண்டும், தோசைக்கல்லில் வெண்ணெய் போட்டு வாட்டினால் மீண்டும் உயிர் வரும். தில்பசந்த் எடுத்துப் போகலாம். ஆனால் வெட்டாமல் முழு வட்டமாக, அட்டைப் பெட்டியில் வாங்குங்கள். பையில் எல்லாவற்றையும் அடுக்கிய பிறகு கடைசியாக மேலே வையுங்கள், அதன் மேல் எதையும் வைக்காதீர்கள். வீட்டுக்குப் போய் அம்மா முன்னால் வைத்து வெட்டுங்கள்.